ஆடிக் காற்றுக்கு ஒதுங்கிய வழி

காலித் தீப்பெட்டிக்கு எடை என்று ஒன்று கிடையாது. ஒரு சாக்கு நிறைய அடைத்தாலும் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். ஆனால் அந்தச் சாக்கு ஆள் உயரம் நிற்கும். அப்படி மூன்று சாக்குகளைச் சைக்கிள் கேரியரில் பலகை போட்டு அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஆடி மாதத்தில் வத்திராயிருப்பு வெட்டவெளி ரோட்டில் மிதிக்கிறவனுக்குத்தான் காற்று என்றால் என்னவென்று தெரியும். மேற்கே மலையைத் தாண்டி இறங்கும் காற்று சாக்கில் வந்து அறையும்போது, ஓட்டுகிறவன் நினைக்கிற பக்கம் சைக்கிள் போகாது. காற்று நினைக்கிற பக்கம் போகும்.

ஊர்க்காவலனுக்கு இது 1955ஆம் வருஷம், வேலைக்குச் சேர்ந்த முதல் ஆடியிலேயே தெரிந்துபோனது. விஸ்வநத்தத்துக்காரன். சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில், மலையடிவாரத்து ஊர்களுக்குச் சரக்குக் கொண்டுபோகிற வேலை. போகும்போது மெல்லிய மரத்தகடும் நீலத்தாளும் பசை மாவும். கல்லாகக் கனக்கும். எந்தக் காற்றும் அசைக்காது. வீட்டுப் பெண்கள் தகட்டை மடக்கி, தாளைச் சுற்றி ஒட்டி, அடிப்பெட்டியும் மேல்பெட்டியுமாகக் காயவைத்துக் கொடுப்பார்கள். அந்தக் காலிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள கம்பெனிக் கிட்டங்கிக்கு வர வேண்டும். அங்கேயிருந்து வண்டியில் சிவகாசிக்குப் போகும்.

முதல் ஆடியில் அவன் சாக்கோடும் சைக்கிளோடும் வயலுக்குள் போய் விழுந்தான். நாற்றுக்கு நடுவே பெட்டிகள் வாத்துக்குஞ்சுகள் மாதிரி மிதந்தன. கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை ஆண்டிச்சாமி நனைந்த பெட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே, தீப்பெட்டி கேட்டா மீன் பிடிச்சுட்டு வந்திருக்கியே" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவன் வேறு வழி தேடினான்.

மலையடியில் ஊத்தடிப்பட்டி என்று ஓர் ஊர். ஊரைத் தாண்டினால் களத்து முக்கு. அங்கே ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் வத்திராயிருப்பு, அப்புறம் கிருஷ்ணன்கோவில், மதுரை ரோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ், ஜனம். வலது பக்கம் மூங்கில் வெட்டுகிறவர்களின் வண்டித்தடம். அது மலையை ஒட்டியே தெற்கே ஓடி, ஓடைகளைத் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பின்வாசல் வழியாகப் போய்ச் சேரும். தூரம் கூடுதல்தான். ஆனால் அங்கே காற்று இல்லை. மலையின் அடிவயிற்றில் காற்று இறங்காது. தலைக்கு மேலே மரக்கொண்டைகளை உலுக்கிக்கொண்டு, இறங்காமல் அப்படியே கிழக்கே பாய்ந்துவிடும். கீழே ஓர் இலை அசையாது.

அவன் அந்த வழியைப் பிழைப்புக்காகத்தான் பிடித்தான். பிடித்துப்போனது வேறு காரணத்துக்காக. முதலில் புளிய மரங்கள், அப்புறம் இலுப்பை, அப்புறம் ஆற்றோரத்து மருதமரங்கள், வேர் தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு. சக்கரத்துக்கு அடியில் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கூடவே வரும். செம்பழுப்பு மலை அணில் ஒன்று கிளையில் குப்புறப் படுத்துக்கொண்டு இவனைப் பார்க்கும். மணி அடித்து விலக்க ஆளில்லாத வழி. சைக்கிள் மணி துருப்பிடித்து அசையாமல் போனபோது அவன் அதைச் சரிசெய்யவே இல்லை. கந்தகமும் பசையும் கூச்சலுமாகப் பிறந்து வளர்ந்தவனுக்கு, பகலில் இப்படி ஓர் அமைதி இருக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆடி போய் ஐப்பசி வந்தும், காற்று நின்றும், லோடு ஏற்றினால் அவன் கை தானாக வலது பக்கம்தான் திருப்பும்.

சோலையம்மாள் ஊத்தடிப்பட்டிக்காரி. தாய் மாடத்தி, தங்கை சின்னத்தாய், இவள், மூன்று பெண்கள் உள்ள வீடு. தகப்பன் இல்லை. அந்த ஊரிலேயே வேகமாகப் பெட்டி ஒட்டுகிற கை அவளுடையது. வாய் கையைவிட வேகம்.

"பெட்டிக்காரரே, நீங்க வாறீகளா, வைக்கப்போரு தானா நடந்து வருதான்னு தெரியாம மாடெல்லாம் உங்க பின்னாலயே ஓடுது பாருங்க."

"மாடு மட்டுந்தான் ஓடுதா?"

"ஆமா. பெறகு மனுசங்க ஓடுற மூஞ்சியா இது?"

மாடத்தி உள்ளேயிருந்து, "ஏளா, சரக்குக் குடுக்கிறவருகிட்ட என்ன வாய்?" என்று அதட்டுவாள். 1959 தையில் அவளே முன்னின்று கல்யாணத்தை முடித்தாள். ஆம்பளை இல்லாத வீடு என்பதால் மாப்பிள்ளை இங்கேயே வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. ஊர்க்காவலன் விஸ்வநத்தத்தை விட்டுத் தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

சாயங்காலம் அவன் வந்து உட்கார்ந்ததும் சோலையம்மாள் காட்டு வழியைப் பற்றிச் சொல்லச் சொல்வாள். அணில் இருந்ததா, ஓடையில் தண்ணீர் எவ்வளவு, யானை லத்தி கிடந்ததா. கை தன்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

"அந்த வழியில என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க மச்சான்."

"எங்கன உக்காருவ? கேரியர் பூராம் உங்க ஊரு பெட்டி."

"அப்ப நான் சாக்குக்குள்ள உக்காந்து வாறேன். கம்பெனியில எறக்கி எண்ணிக்கிடட்டும்."

சீசன் முடியட்டும் என்பான். தீப்பெட்டிக்கு ஏது சீசன்? வருஷம் முழுக்க ஆர்டர். அது நடக்காமலே போய்க்கொண்டிருந்தது.

1962 ஆடி. காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். ஊர்க்காவலன் வாசலில் சாக்குகளைக் கேரியரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். பசை மாவு வைத்திருக்கிற வீட்டில் எலி இருக்கும். எலி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்தாலும் எலி வருகிறது வருகிறதுதான். அந்த எலியைத் தேடி வந்த நல்ல பாம்பு மாவு மூட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. பசை காய்ச்ச மாவெடுக்கக் கையை விட்டவள் சோலையம்மாள்.

அவள் கத்தக்கூட இல்லை. வெளியே வந்து, புறங்கையைக் காட்டி, "இங்கன என்னமோ பிடுங்கிருச்சு" என்றாள். பின்னாலேயே சின்னத்தாய் பாம்பைப் பார்த்துவிட்டு அலறினாள்.

மாடத்தி சேலைத் தலைப்பைக் கிழித்துக் கையில் இறுக்கிக் கட்டினாள். வேப்பிலையைப் பறித்து மகள் வாயில் திணித்தாள். அந்தப் பக்கத்து வழக்கம் அது: விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது. ஊரே அவள் வாயைப் பார்த்தது. சோலையம்மாள் மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதும்மா. பூராம் கசக்குது."

மாடத்திக்கு உயிர் வந்தது. ஆனாலும், "டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க மருமகனே, ஊசி போட்டா நல்லது" என்றாள். ஊர்க்காவலன் கட்டை அவிழ்த்துச் சாக்குகளைத் தரையில் தள்ளினான். அவளைப் பலகையில் உட்காரவைத்து, அதே கயிற்றால் அவள் இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினான். மாடு கட்டி வண்டி பூட்டுகிற நேரத்துக்குள் பாதி தூரம் போய்விடலாம் என்பது அவன் கணக்கு. அதில் தப்பில்லை. அந்த ஊரில் அவனைவிட வேகமாகச் சைக்கிள் மிதிக்கிறவன் கிடையாது.

களத்து முக்கு வந்தது. காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வலது பக்கம் திரும்பினான்.

புளியமர நிழலுக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் அடங்கியது. அவள் அவன் முதுகில் கன்னத்தை வைத்திருந்தாள்.

"இந்த வழியாவா போறீக?"

"வெளியில காத்துப் பேயாட்டம் அடிக்கி புள்ள. தள்ளிவிட்டுரும்."

"நான் என்ன பெட்டி லோடா மச்சான், காத்துல பறக்க?"

அவன் சிரித்தான். அவள் கேலி பேசுகிறாள் என்றால் தெம்பாகத்தான் இருக்கிறாள். அந்தத் தெம்பில் இன்னும் வேகமாக மிதித்தான். அவளும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டைப் பற்றி அவனுக்குத் தெரியாததா?

இலுப்பை மரங்கள் வந்தன. அவள் தலையை நிமிர்த்திப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"இதுதானா உங்க ரோடு? நல்லாத்தான் இருக்கு. அணிலு எங்க?"

"வரும், வரும். பாத்துக்கிட்டே வா. கண்ணை மூடாத."

"மூடலை. எமை தானா எறங்குது."

முதல் ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. மலையில் மழை. மற்ற நாளில் அவன் இங்கே இறங்கி முகம் கழுவி, ஒரு பீடி பற்றவைப்பான். இப்போது அவளை முதுகில் கட்டியபடியே, கால்களை ஊன்றிச் சைக்கிளைத் தண்ணீருக்குள் தள்ளினான். உருண்டைக் கல்லில் சக்கரம் வழுக்கியது. அக்கரை ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது.

"மச்சான்."

"ம்."

"வேப்பிலை கசக்கலை. அம்மா பயந்துரும்னு சொன்னேன்."

பதிலை அவன் கால் சொன்னது. பெடல் ஒடிந்துவிடும் போல மிதித்தான். அவள் நாக்கு தடித்துக்கொண்டு வந்தது. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. சின்னத்தாய்க்கு ஏதோ சொல்ல வேண்டும் என்றாள். என்ன என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவன் வாய் ஓயாமல் பேசினான். அந்தா மருதமரம் பாரு. அந்தா மூங்கில் புதர். இன்னும் கொஞ்ச தூரந்தான் புள்ள. யாராவது எதிரே வரமாட்டார்களா என்று அந்த வழியில் முதல் தடவையாக அவன் ஏங்கினான். "ஏ ஆரு இருக்கீக?" என்று கத்தினான். மூங்கில் வெட்டுகிறவர்கள் ஆடியில் காட்டுக்கு வருவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினான். மரக்கொண்டைகளில் காற்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஓர் இலை அசையவில்லை.

இரண்டாவது ஓடையில் அவள் சரிந்தாள். கயிறு பிடித்துக்கொண்டது. சைக்கிளைப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தான், சைக்கிள்தான் வேகம். மறுபடி உட்காரவைத்து, மார்போடும் ஒரு சுற்றுக் கட்டினான். அவள் தாடை அவன் தோளில் கிடந்தது. மூச்சு அவன் கழுத்தில் பட்டது. அந்த மூச்சை எண்ணெய் விளக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே மிதித்தான். கடைசி ஓடைக்கு அப்புறம், பள்ளத்தாக்கு அகன்று தென்னந்தோப்புகள் தெரிகிற இடத்தில், கழுத்து குளிர்ந்தது. காட்டை விட்டு வெளியே வந்துவிட்டோம், காற்றுப் படுகிறது, அதனால் குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசல்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனான்.

டாக்டர் கயிற்றை அவிழ்க்கவிடாமலே நாடியைப் பிடித்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்பா" என்றார்.

சேதி கேட்டுக் கிட்டங்கியிலிருந்து ஆண்டிச்சாமி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். ஊர்க்காவலன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் இன்னும் பாதிக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். வேறென்ன பேசுவது என்று தெரியாத மனுஷர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கிருஷ்ணன்கோவில் வந்தா பஸ்ஸுக்காரன் ஏத்தியிருப்பானே தம்பி. ஏன் காட்டு வழியா வந்தே?"

"காத்து அண்ணாச்சி. ஆடிக் காத்து."

ஆண்டிச்சாமி சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார். அவர் பார்ப்பதை ஊர்க்காவலனும் பார்த்தான். கேரியரில் ஒரு பலகை. அதில் ஒன்றுமில்லை. அன்றைக்கு அதில் சாக்கும் ஏற்றவில்லை, பெட்டியும் ஏற்றவில்லை. ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து வந்தாள். கிருஷ்ணன்கோவில்வரைக்கும் மேல்காற்று முதுகில் அடித்திருக்கும். தள்ளிக்கொண்டே போய் பஸ்ஸில் சேர்த்திருக்கும்.

ஆண்டிச்சாமி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஊர்க்காவலன் அப்போதுதான் அழத் தொடங்கினான். அதுவரை அவன் அழுது யாரும் பார்க்கவில்லை.

ஊருக்குள் சேதி வேறு மாதிரி பரவியது. பெண்டாட்டியை முதுகில் கட்டிக்கொண்டு காடு, ஓடை பார்க்காமல் கொண்டுபோனான். கையெல்லாம் காயம், காலெல்லாம் ரத்தம். இப்படி ஒரு புருஷன் எந்த ஊரில் இருக்கிறான்? துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் இதைச் சொல்லித்தான் மாடத்தியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஊர்க்காவலன் எழுந்து மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விடுவான். அதையும் பாசம் என்றார்கள்.

கருமாதி முடிந்த அன்று மாடத்தியின் கொழுந்தன் சங்கிலிமுத்து நாலுபேர் முன்னிலையில் பேச்சை எடுத்தார். மூத்தவள் போனால் இளையவளைக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

"இப்பேர்ப்பட்ட பயலை வெளியில விட்டா நம்மளை ஊரு காறித் துப்பும். சின்னத்தாயைக் கட்டிக் குடுத்துருவோம். என்ன மதினி?"

மாடத்தி தரையைப் பார்த்தபடி, "குடுத்துருவோம்" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் ஊர்க்காவலன் அவள் எதிரில் வந்து நின்றான். அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அத்தை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. அன்னைக்கு நான் வந்து…"

"தெரியும்யா."

"என்ன தெரியும்?"

"களத்து முக்குல நீங்க திரும்பினதை இங்கன நின்னு பாத்தேன். அந்தப் பக்கம் இல்லைய்யா, பஸ்ஸுக்குப் போங்கன்னு கத்தினேன். காத்துக் குறுக்க அடிச்சு அள்ளிட்டுப் போயிருச்சு. சத்தம் உங்களுக்கு எட்டலை."

முறம் நிற்கவில்லை.

"தெரிஞ்சுமா சின்னத்தாயைக் குடுக்கேன்னு சொன்னீக?"

"நீங்க கோவத்துலயா திரும்பினீக? பளக்கத்துல திரும்பினீக." அவள் உமியை ஊதினாள். "நீங்களும் பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டீகன்னா, அவ கடைசியா என்ன பேசினான்னு தெரிஞ்ச ஆளு எனக்கு ஆரு இருக்கா?"

அவன் சின்னத்தாயைக் கட்டவில்லை. வீட்டை விட்டுப் போகவும் இல்லை. அடுத்த வருஷம் சாத்தூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து, அண்ணன் ஸ்தானத்தில் நின்று அவளை அனுப்பிவைத்தான். செத்துப்போன மனைவிக்காகத் துறவி மாதிரி இருக்கிறான் என்று ஊர் அதற்கும் மெச்சியது. மறுத்துச் சொல்ல அவனிடம் தெம்பு இல்லை; சொன்னாலும் கேட்பதற்கு ஊருக்கு விருப்பம் இல்லை. கம்பெனி அந்தத் தடத்துக்கு லாரி போட்ட 1967 வரைக்கும் அவன்தான் பெட்டி ஏற்றினான். ஆடியில் அதே மலையோரத்து வழியில்தான் போக வேண்டியிருந்தது. காலிப் பெட்டிக்கு வேறு வழி கிடையாது. அணில் கிளையில் கிடந்தால் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிடுவான்.

சாயங்காலம் அவன் கை கால் கழுவி உட்கார்ந்ததும் மாடத்தி ஏதாவது கேட்பாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டுத் தீர்க்க அவளுக்கு மனசில்லை. ஒருநாள் ஒன்று. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பாள். தலை எந்தத் தோளில் சாய்ந்திருந்தது என்பாள். வலித்ததாகச் சொன்னாளா என்பாள். அவன் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வான். ஒருநாள் அவள் சோற்றைப் போட்டுவிட்டு, கரண்டியைப் பானைக்குள் விட்டபடியே நின்றாள்.

"அன்னைக்குக் கஞ்சி கூடக் குடிக்கலையே அவ. வளியில பசிக்குதுன்னு சொன்னாளா?"

"இல்லை அத்தை."

அது உண்மைதான். மாடத்தி நம்பவில்லை. பானையை மூடிவிட்டு, அன்றைக்கு அவளும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.